அட்டவணையில் மார்க்கம்: இக்கரையும் அக்கரையும்

பொதுத் தேர்வு எழுதப் போகும் மாணவர்களின் பாட அட்டவணைகள் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று, பீங்கான் நகரம் என்று பெயர் வாங்கிய விருத்தாசலத்தின் அரசுப் பள்ளி அட்டவணை. தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பாடங்கள். இன்னொன்று, இலங்கையின் கிழக்குக் கரையில் காத்தான்குடியிலோ அக்கரைப்பற்றிலோ இருக்கும் அரசுப் பள்ளியின் அட்டவணை. அங்கே சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் எல்லோருக்கும் கட்டாயம். முஸ்லிம் மாணவருக்கு அந்தச் சமயம் ‘இஸ்லாம்’ என்ற பெயரில் ஒரு பாடம். அதற்கு அரசு அச்சிட்ட இலவசப் பாடநூல் உண்டு. அரசுச் சம்பளம் வாங்கும் ஆசிரியர் உண்டு. கல்விப் பொதுத் தராதர சாதாரண தரப் பரீட்சையில் வினாத்தாள் உண்டு. சான்றிதழில் கணிதத்துக்கு இடப்படும் ஏ, பி, சி, எஸ் என்ற அதே சித்திகள்தான் இஸ்லாத்துக்கும்.

இரு கரைகளின் முஸ்லிம் பிள்ளைகளும் பேசுவது தமிழ். தொழுவது ஒரே திசையை நோக்கி. ஆனால் ஓர் அரசு தன் பள்ளிக்குள் அந்தப் பாடத்தைத் தடுத்திருக்கிறது, மற்றோர் அரசு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் முஸ்லிம்கள் 42 லட்சம் பேர், மக்கள்தொகையில் ஏறத்தாழ 5.9 விழுக்காடு. இலங்கையில் 2012 கணக்குப்படி 19.7 லட்சம், 9.7 விழுக்காடு. இவ்வளவு நெருக்கமான இரு சமூகங்கள் இவ்வளவு வேறுபட்ட இரு வழிகளில் போனது எப்படி, எந்த வழியில் யார் என்ன இழந்தார்கள் என்பதைத் தமிழில் யாரும் நிதானமாக ஒப்பிட்டுப் பேசுவது அரிது. இந்தியாவில் இந்தப் பேச்சு எழுந்தாலே மதச்சார்பின்மை என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடுகிறது. இலங்கையில் ‘எங்கள் உரிமை’ என்ற சொல்லோடு முடிந்துவிடுகிறது. பதின்மூன்று வயதிலிருந்து பதினாறு வயது வரையிலான ஒரு பிள்ளையிடம் மார்க்கத்தைப் பற்றி யார், எந்த மொழியில், எவ்வளவு பொறுப்போடு பேசுகிறார்கள் என்ற கேள்வி இரண்டு பேச்சிலும் விடுபட்டுப்போகிறது.

கரைகள் பிரியாத காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வேறுபாடு இல்லை. காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இரு கரைகளுக்கும் பொதுவான ஆசிரியர். இலங்கைக்குப் பலமுறை போய் ஊர் ஊராக மதரஸாக்கள் அமைத்தவர். அவர் எழுதிய மார்க்க நூல்கள் அரபுத் தமிழில் இருந்தன. அதாவது, மொழி தமிழ், எழுத்து அரபு. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை உண்டாக்கியிருந்தார்கள். குர்ஆன் ஓதக் கற்ற ஒரு பிள்ளை, தமிழ் எழுத்துக்கூட்டக் கற்கும் முன்பே தன் தாய்மொழியில் மார்க்கச் சட்டத்தைப் படித்துப் புரிந்துகொள்ள முடிந்தது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண்களும் வீட்டுக்குள் இருந்தபடியே இந்த நூல்களைப் படித்தார்கள்.

இந்த ஏற்பாட்டை ஆங்கிலேயர் காலத்துப் பள்ளிக்கூடம் அசைத்தது. வேலைக்கு ஆங்கிலப் படிப்பு வேண்டும். ஆங்கிலப் பள்ளிகளோ பெரும்பாலும் மிஷன் பள்ளிகள். பிள்ளையை அனுப்பினால் மார்க்கம் போய்விடும் என்று இரு கரைகளிலும் பெற்றோர் பயந்தார்கள். கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்திலெப்பை (1838–1898) அந்தப் பயத்துக்கு விடை தேடியவர். 1882-இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கி, ஆங்கிலமும் மார்க்கமும் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்படும் பள்ளி வேண்டும் என்று எழுதினார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இலங்கையில் இருந்த ஒராபி பாஷாவும் வாப்பிச்சி மரைக்காரும் கைகொடுக்க, 1892-இல் கொழும்பு மருதானையில் இன்றைய ஸாஹிராக் கல்லூரி உருவானது.

இக்கரையிலும் அதே தேடல்தான், விடை வேறு. வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரி, 1924-இல் உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாம் என்று ஆலிம்களை உருவாக்கும் நிறுவனங்கள் ஒருபுறம். 1902-இல் சென்னையில் தொடங்கிய தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம், வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் எழுந்த கல்விச் சங்கங்கள், அவை நடத்திய பள்ளி கல்லூரிகள் என்று பொதுக்கல்வி மறுபுறம். இரண்டும் இரண்டு தண்டவாளமாக ஓடின. ஸாஹிரா செய்ய முயன்றதுபோல இரண்டையும் ஒரே வகுப்பறையில் சேர்க்கும் முயற்சி இங்கே ஊர்ப் பள்ளிகளின் அளவிலேயே நின்றது.

1948 டிசம்பர் 7

அந்தத் தண்டவாளங்களைச் சட்டம் நிரந்தரமாக்கிய நாள் ஒன்று உண்டு. இந்திய அரசியல் நிர்ணய சபை, அரசுப் பள்ளிகளில் மதபோதனை கூடாது என்னும் பிரிவை 1948 டிசம்பர் 7 அன்று விவாதித்தது. திருத்தம் கொண்டுவந்தவர்களில் ஒருவர் சென்னை மாகாணத்திலிருந்து போன முகமது இஸ்மாயில் சாகிப், பின்னாளில் காயிதே மில்லத் என்று தமிழகம் அழைத்தவர். அவருடைய வாதம் எளிமையானது. யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மட்டும் சட்டம் சொல்லட்டும். பெற்றோர் விரும்பினால் அரசுப் பள்ளியிலும் அவரவர் மார்க்கத்தைக் கற்பிக்கத் தடை வேண்டாம்.

அம்பேத்கர் இதை ஏற்கவில்லை. அவர் சொன்ன காரணங்கள் இன்றைக்கும் எடைபோட்டுப் பார்க்கத் தக்கவை. ஒரு மதத்தை வளர்ப்பதற்காக யாரிடமும் வரி வாங்கக் கூடாது என்று ஒரு பிரிவு எழுதிவிட்டு, வரிப்பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனையை அனுமதிப்பது முரண் என்றார். ஒரே ஊரில் பல மதத்தவர் இருக்கும்போது எல்லா மதத்துக்கும் ஆசிரியர் வைக்க உள்ளாட்சிகளால் முடியாது. பெரும்பான்மை மதத்துக்கு மட்டும் வைத்தால் மற்றவருக்கு அநீதி என்றார். ஒவ்வொரு மதமும் மீட்சிக்குத் தன் வழியே வழி என்று சொல்லும் நாட்டில், அந்தச் சண்டை பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால் அமைதி கெடும் என்பது மூன்றாவது. அதோடு, சமூகங்கள் தாங்களே நடத்தும் பள்ளிகளில் போதிக்கத் தடை இல்லையே என்றும் சுட்டிக்காட்டினார்.

இப்படி உருவானதுதான் இன்றைய 28-ஆவது பிரிவு. அதை மேலோட்டமாகப் படித்தவர்கள், பள்ளியில் மதத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிரிவு சொல்வது அதைவிட நுட்பமானது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் தனியார் பள்ளியில் நடத்தலாம். ஆனால் மாணவர் சிறுவராக இருந்தால் பெற்றோர் சம்மதமில்லாமல் உட்காரவைக்கக் கூடாது. ஆகவே விருத்தாசலம் அரசுப் பள்ளியில் நடக்க முடியாத மார்க்க வகுப்பு, ஒரு முஸ்லிம் சங்கம் நடத்தும் உதவிபெறும் பள்ளியில் பெற்றோர் ஒப்புதலோடு தாராளமாக நடக்கலாம்.

2002 செப்டம்பரில் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு கதவைத் திறந்தது. 2000-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டம் மதங்களைப் பற்றிய அறிவைப் பள்ளியில் தரச் சொன்னது. அது மதச்சார்பின்மைக்கு விரோதம் என்பது வழக்கு. வழிபாட்டையும் சடங்கையும் பழக்குவதைத்தான் 28-ஆவது பிரிவு தடுக்கிறது, பல மதங்களின் தத்துவத்தையும் வரலாற்றையும் அறிவாகக் கற்பிப்பதைத் தடுக்கவில்லை என்று நீதிமன்றம் கூறி வழக்கைத் தள்ளுபடி செய்தது. அறிவைத் தருகிறோம் என்ற பெயரில் போதனை நுழைந்துவிடக் கூடாது என்று நீதிபதி தர்மாதிகாரி தனித் தீர்ப்பில் எச்சரித்தார். கதவு திறந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. தமிழ்நாட்டின் பாடத்திட்டம் அதற்குள் எட்டிப்பார்த்ததே தவிர, காலெடுத்து வைக்கவில்லை.

மாலை வகுப்பும் அது நின்றுபோகும் வயதும்

விருத்தாசலம் போன்ற ஊர்களில் மார்க்கக் கல்வி பள்ளிவாசலை ஒட்டிய மக்தப் மதரஸாவில் நடக்கிறது. காலையில் சுபுஹுத் தொழுகைக்குப் பிறகோ மாலையில் பள்ளி விட்டு வந்த பிறகோ ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். சீருடையைக்கூட மாற்றாமல் தலையில் தொப்பியை வைத்துக்கொண்டு ஓடிவரும் பையன்கள், முக்காட்டைச் சரிசெய்தபடி வரும் சிறுமிகள். பாயில் வரிசையாக உட்கார்ந்து மடக்குப் பலகையில் கிதாபை விரித்து அலிஃப், பே, தே என்று ராகத்தோடு தொடங்குவார்கள். ஹஜ்ரத் ஒவ்வொரு பிள்ளையாக அழைத்து முந்தைய நாள் பாடத்தைக் கேட்பார். ஒருவன் சிறிய சூராவை மனப்பாடமாக ஒப்பிக்கும்போது, பக்கத்தில் இருப்பவன் கலிமாக்களில் தடுமாறிக்கொண்டிருப்பான். ஒளு செய்யும் முறை, தொழுகையின் நிலைகள், சாப்பிடும்போதும் தூங்கும்போதும் ஓதும் துஆக்கள் எல்லாம் இங்கேதான் பழகுகின்றன. ‘ஓதப் போறது’ என்று வீட்டில் சொல்வது இதைத்தான்.

ஊர் ஜமாஅத் சந்தாப் பணத்தில் சம்பளம் கொடுத்து இதை நடத்துகிறது. தமிழ்நாட்டில் மதரஸாக்களுக்கென அரசு வாரியம் கிடையாது. பாடநூலை அந்தந்த மதரஸாவே தேர்ந்துகொள்கிறது. 2009-இன் கட்டாயக் கல்விச் சட்டம், 2012-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி மதரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் தன் வரம்பிலிருந்து விலக்கிவிட்டது. அரசு எட்டிப்பார்க்காத இடம் என்பதால் சுதந்திரம் உண்டு. அதே காரணத்தால் தரத்தைக் கேட்பாரும் இல்லை.

ஆறு வயதில் தொடங்கும் ஓதல், பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குர்ஆனை ஒருமுறை ஓதி முடிப்பதோடு நிறைவடைகிறது. எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு வந்ததும் மாலை நேரத்தை டியூஷன் எடுத்துக்கொள்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு வந்துவிட்டால் மதரஸா பக்கம் தலைகாட்டுவது நின்றுவிடும். உயர்நிலைப் பள்ளி வயது என்பது கேள்விகள் முளைக்கும் வயது. உயிரியல் வகுப்பில் பரிணாமம் படிக்கிறான். சக மாணவன் தர்கா வழிபாட்டைப் பற்றிக் கேட்கிறான். செய்தியில் தன் சமூகத்தின் பெயர் அடிபடுகிறது. வட்டி, காதல், பெண்கல்வி எல்லாம் ஒரே நேரத்தில் மண்டைக்குள் நுழைகின்றன. அந்த வயதில் ஓதும் பள்ளியின் கதவு அவனுக்கு மூடியிருக்கிறது, பள்ளிக்கூடம் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. கைப்பேசியில் வரும் உரைகள் மட்டும் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கின்றன.

கேரளம் இந்த இடைவெளியை வெகு முன்பே கண்டுகொண்டது. சமஸ்தா என்ற ஆலிம்கள் அமைப்பு 1951-இல் உருவாக்கிய மதக் கல்வி வாரியத்தின் கீழ் இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மதரஸாக்கள் இருக்கின்றன. வகுப்புவாரியாக மலையாளத்திலும் அரபு மலையாளத்திலும் பாடநூல், ஐந்து, ஏழு, பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளில் பொதுத் தேர்வு, ஆசிரியர்களுக்குப் பயிற்சி, ஆய்வாளர்கள் எல்லாம் உண்டு. அரசுப் பணம் இல்லை. பள்ளி மணி அடிக்கும் முன் மதரஸா முடிந்துவிட வேண்டும் என்பதால், 2025-இல் கேரள அரசு உயர்நிலைப் பள்ளி நேரத்தை அரைமணி நேரம் கூட்டியபோது சமஸ்தா போர்க்கொடி தூக்கியது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு நேர மாற்றம் வந்தால் எதிர்ப்பு எழுமா என்பதே சந்தேகம். பத்தாம் வகுப்புப் பிள்ளை அந்த நேரத்தில் மதரஸாவில் இருந்தால்தானே?

அக்கரையின் வகுப்பறை

இலங்கை, சுதந்திரத்துக்கு முன்பே வேறு பாதையைத் தேர்ந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான குழுவின் 1943 அறிக்கையை ஒட்டி இலவசக் கல்வி வந்தது. மிஷன் பள்ளிகளில் பிற மதப் பிள்ளைகள் கிறிஸ்தவம் கற்க நேர்ந்த அனுபவம் பௌத்தர், சைவர், முஸ்லிம் எல்லோருக்கும் இருந்தது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் பெற்றோரின் சமயத்தைப் பள்ளி கற்பிக்க வேண்டும் என்ற நிலைப்பாடு வலுப்பெற்றது. 1960-களின் தொடக்கத்தில் உதவிபெறும் பள்ளிகளில் பெரும்பாலானவற்றை அரசு எடுத்துக்கொண்டபோது அந்தப் பொறுப்பும் சேர்ந்து அரசின் தலையில் ஏறியது. பௌத்தம், சைவநெறி, கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம் என்று ஐந்து பாடங்கள். பாடத்திட்டம் தேசிய கல்வி நிறுவகத்தில் தயாராகிறது, நூல் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தில் அச்சாகிறது.

இஸ்லாம் பாடநூலைப் புரட்டினால் நம்பிக்கை, வணக்க வழிபாடு, குர்ஆன் வசனங்களும் நபிமொழிகளும், நபியின் வாழ்க்கை, ஒழுக்கம், இஸ்லாமிய வரலாறு, இலங்கை முஸ்லிம்களின் வரலாறு என்று வரிசை போகும். பிள்ளை மனப்பாடம் செய்ததன் பொருள் என்ன என்பதைத் தமிழில் எழுதிக் காட்ட வேண்டும். பல்தேர்வு வினாவுக்கு விடை போட வேண்டும். கட்டுரை எழுத வேண்டும். உயர்தரத்தில் இஸ்லாம், இஸ்லாமிய நாகரிகம், அரபு மூன்றும் தனிப் பாடங்களாக இருக்கின்றன. அவற்றைக் கொண்டு பல்கலைக்கழகம் போகலாம். இதனால் ஆசிரியத் தொழில் ஒன்றும் பிறந்தது. மதரஸாவில் ஓதி மௌலவிப் பட்டம் பெற்றவர் அரசுப் பள்ளியில் மௌலவி ஆசிரியராக நியமனம் பெறலாம். 1973-இல் நளீம் ஹாஜியார் பேருவளையில் தொடங்கிய ஜாமிஆ நளீமிய்யா, மார்க்கக் கல்வியோடு பல்கலைக்கழகப் பட்டத்தையும் சேர்த்துப் படிக்கும் வழக்கத்தை உறுதிப்படுத்தியது. இன்று இலங்கையின் தமிழ் இஸ்லாமிய எழுத்தில் ‘நளீமி’ என்று முடியும் பெயர்கள் மலிந்திருப்பது தற்செயல் இல்லை.

இது ஒரு பெரிய ஆதாயம். கிழக்கு மாகாணத்தில் பத்தாம் தரம் படிக்கும் மாணவிக்கு, கணித ஆசிரியரிடம் கேட்பதுபோல மார்க்க ஆசிரியரிடமும் கைதூக்கிக் கேள்வி கேட்கும் உரிமை இருக்கிறது. பதிலுக்கு ஆசிரியர் பாடநூலுக்குக் கட்டுப்பட்டவர். பாடநூலை எழுதியவர்கள் யார் என்று அதன் முன்பக்கத்தில் அச்சிட்டிருக்கும்.

ஆதாயத்துக்கு விலையும் உண்டு. முதலாவது, பிரிவினை. இலங்கையில் பள்ளிகளே பெரும்பாலும் சிங்களப் பள்ளி, தமிழ்ப் பள்ளி, முஸ்லிம் பள்ளி என்று பிரிந்திருக்கின்றன; முஸ்லிம் பள்ளிகளுக்கு நோன்பு மாத விடுமுறையோடு தனி நாட்காட்டி. கலந்து படிக்கும் பள்ளியிலும் சமயப் பாடவேளை மணி அடித்ததும் வகுப்பு எழுந்து மூன்று, நான்கு அறைகளாகப் பிரிந்துபோகும். ஒரு முஸ்லிம் பிள்ளை பதினொரு ஆண்டு சமயம் படித்தும் பக்கத்து வீட்டுச் சைவப் பிள்ளை என்ன படித்தது என்று அறியாமலே வெளியே வர முடியும். சைவப் பிள்ளையும் அப்படியே. அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் (1911–1973) யாழ்ப்பாணத்தில் குர்ஆன் பள்ளியில் ஓதி, பிறகு வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். பின்பு ஸாஹிராவின் அதிபராகி இலங்கை முஸ்லிம் கல்வியை வழிநடத்தினார். அவர் வளர்ந்த அந்தக் கலப்பு, சமயம் கட்டாயப் பாடமான பிறகு வந்த தலைமுறைக்குக் கிடைப்பது கடினமாகிவிட்டது.

இரண்டாவது விலையை 2019 காட்டிக்கொடுத்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடந்த தற்கொலைத் தாக்குதல்களில் 260-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழு அமைந்தது. மதரஸாக்களோடு பள்ளி இஸ்லாம் பாடநூல்களும் ஆய்வுக்கு உள்ளாயின. 2021-இல் சில தரங்களுக்கான இஸ்லாம் பாடநூல்களின் விநியோகம் நிறுத்தப்பட்டது; பாடம் கட்டாயமாக இருக்க, நூல் கைக்கு வராத நிலை. சில பகுதிகளைத் திருத்துவது நியாயமா என்பது ஒரு விவாதம். ஆனால் அடிப்படையான உண்மை ஒன்று அப்போது தெளிந்தது. பாடநூலை அரசு அச்சிடுகிறது என்றால், அதில் எது மார்க்கம் என்று தீர்மானிக்கும் பேனாவும் கடைசியில் அரசின் கையில்தான். சிறுபான்மை அதை வரமாக நினைத்து வாங்கிக்கொண்டது. அரசியல் காற்று திசை மாறியபோது அந்த வரம் பிணையாகிவிட்டது. அம்பேத்கர் 1948-இல் முன்வைத்த காரணங்களில் இந்த ஆபத்து இல்லை. ஆனால் அவர் போட்ட தடுப்பு, இந்திய முஸ்லிம்களை இதிலிருந்து காப்பாற்றியிருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

மற்றவர்கள் செய்து பார்த்தது

தமிழர் வாழும் இன்னொரு நாடு இதே பரிசோதனையைத் தொடங்கி, ஐந்தே ஆண்டில் கைவிட்டது. சிங்கப்பூரில் கோ கெங் சுவீ கல்வி அமைச்சராக இருந்தபோது, 1982-இல் சமய அறிவுப் பாடம் அறிவிக்கப்பட்டது. 1984 முதல் உயர்நிலை மாணவர்கள் விவிலியம், பௌத்தம், இந்து சமயம், இஸ்லாம், கன்பூசிய நெறி முதலியவற்றில் ஒன்றைக் கட்டாயம் எடுத்தார்கள். ஒழுக்கத்தை வளர்க்கும் என்று எதிர்பார்த்த பாடம், மதமாற்ற ஆர்வத்தையும் மத வேறுபாட்டு உணர்வையும் கூட்டுகிறதோ என்ற கவலை எழுந்தது. அரசு நடுநிலை தவறக் கூடாது என்று சொல்லி 1989-இல் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். குடிமைப் பண்பும் ஒழுக்கமும் என்ற பொதுப் பாடம் அந்த இடத்துக்கு வந்தது. 1990-இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டமும் நிறைவேறியது.

மலேசியா எதிர்த்திசையில் உறுதியாக நிற்கிறது. அதன் 1996 கல்விச் சட்டப்படி ஒரு பள்ளியில் ஐந்து முஸ்லிம் மாணவர்கள் இருந்தாலே அவர்களுக்கு இஸ்லாமியக் கல்வி தர வேண்டும், வாரத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம். மற்றவர்களுக்கு நன்னெறிப் பாடம். தமிழ் முஸ்லிம் பிள்ளையும் தமிழ் இந்துப் பிள்ளையும் அந்த நேரத்தில் வெவ்வேறு அறையில் இருப்பார்கள்.

ஜெர்மனியின் அணுகுமுறை நிதானமானது. அங்கே அரசமைப்பே சமயத்தைப் பள்ளிப் பாடமாக அங்கீகரிக்கிறது. ஆனால் குடியேறிய துருக்கிய முஸ்லிம்களின் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. மூன்ஸ்டர், டூபிங்கன் முதலிய பல்கலைக்கழகங்களில் இஸ்லாமிய இறையியல் துறைகள் தொடங்கிய காலத்தை ஒட்டி, 2012-இல் வடக்கு ரைன்–வெஸ்ட்பாலியா மாநிலம் இஸ்லாத்தை முறையான பாடமாக்கியது. ஆசிரியரை உருவாக்கும் வேலையும் பாடத்தைத் தொடங்கும் வேலையும் அங்கே சேர்ந்தே நடந்தன. இங்கிலாந்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறையில் உட்கார்ந்து பல சமயங்களைப் பற்றிப் படிக்கிறார்கள். 1988 கல்விச் சட்டம், கிறிஸ்தவத்தின் முதன்மையை ஏற்றுக்கொண்டே, நாட்டின் மற்ற முக்கியச் சமயங்களையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. விருப்பமில்லாத பெற்றோர் பிள்ளையை வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருப்பது

இங்கிலாந்து செய்வதில் ஒரு பகுதியைத் தமிழ்நாடு தன்னை அறியாமலே செய்துகொண்டிருக்கிறது. உமறுப்புலவரின் சீறாப்புராணமும் குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களும் தமிழ்ப் பாடநூல்களில் இடம்பெறுகின்றன. எல்லா மதப் பிள்ளைகளும் அவற்றைப் படிக்கிறார்கள், யாரும் ஆட்சேபிப்பதில்லை. 5,027 பாடல்களில் நபியின் வாழ்க்கையைச் சொல்லும் சீறாப்புராணத்திலிருந்து சில பாடல்கள் பாடமாகும்போது, வகுப்பில் நடப்பது என்ன? சொல்லும் பொருளும், இலக்கணக் குறிப்பு, பகுபத உறுப்பிலக்கணம், ‘நூல்வெளி’யில் காண்டங்களின் பெயர். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்ற மூன்றையும் மாணவி ஒரு மதிப்பெண்ணுக்காக நெட்டுருப் போடுகிறாள். நபி ஏன் மக்காவைவிட்டு மதீனாவுக்குப் போனார், அந்தப் பயணத்திலிருந்து முஸ்லிம்கள் தங்கள் ஆண்டுக் கணக்கை ஏன் தொடங்குகிறார்கள், அரேபியப் பாலைவனத்தைப் புலவர் ஏன் தமிழ் மருத நிலமாக வருணிக்கிறார் என்று கேட்டால் வகுப்பில் பதில் இருக்காது. ஆசிரியருக்குப் பயிற்சியில் அதைச் சொல்லித் தந்தவர் இல்லை. தெரிந்தவரும் ‘நமக்கேன் வம்பு’ என்று இலக்கணத்துக்குத் தாவிவிடுகிறார்.

அருணா ராய் தீர்ப்பு அனுமதித்தது இந்தக் கேள்விகளைத்தான். இவற்றைக் கற்பிப்பதால் எந்தப் பிள்ளையும் தொழப் பழகப் போவதில்லை. பக்கத்து பெஞ்சில் இருப்பவன் நோன்பு ஏன் வைக்கிறான் என்று ஓர் இந்துப் பிள்ளைக்கும், தன் மார்க்கம் தமிழுக்குள் எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்று ஒரு முஸ்லிம் பிள்ளைக்கும் தெரியவரும். 2016-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை கற்பிக்கச் சொன்னது. அறநூலை மனப்பாடப் பகுதியாக மட்டும் வைப்பதிலிருந்து நகர வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. அதே கவனத்தைச் சமய இலக்கியப் பாடங்களுக்கும் நீட்டுவதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை.

மார்க்கத்தை நம்பிக்கையாகக் கற்பிக்கும் வேலை சமூகத்துடையது. அங்கே குறையை வெளியே தேட வேண்டியதில்லை. விருத்தாசலம் இருக்கும் கடலூர் மாவட்டத்திலேயே, வீராணம் ஏரியை ஒட்டிய லால்பேட்டையில் ஜாமிஆ மன்பவுல் அன்வார் என்ற பழைய அரபுக் கல்லூரி இருக்கிறது. அங்கே ஓதி முடித்தவர்கள் பெயருக்குப் பின்னால் ‘மன்பயீ’ என்று போட்டுக்கொண்டு தமிழ்நாடு முழுக்கப் பள்ளிவாசல்களில் பணிசெய்கிறார்கள். ஆலிம்களுக்குப் பஞ்சமில்லை. பதினைந்து வயதுப் பிள்ளையின் கேள்வியை அதட்டாமல் எதிர்கொள்ளும் கற்பித்தல் பயிற்சி, ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கான நல்ல தமிழ்ப் பாடநூல், வார இறுதியில் இரண்டு மணி நேரம் ஆகிய மூன்றுக்குத்தான் பஞ்சம். உத்தரப் பிரதேச மதரஸாச் சட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 5 அன்று, சிறுபான்மையினர் தம் நிறுவனங்களை நடத்தும் உரிமையையும் அவற்றின் கல்வித் தரத்தை அரசு ஒழுங்குபடுத்தும் உரிமையையும் சேர்த்தே உறுதிசெய்தது. அரசு தரத்தைக் கேட்கும்வரை காத்திருக்காமல், தமிழக ஜமாஅத்துகளும் அரபுக் கல்லூரிகளும் கேரளத்தைப்போலத் தாங்களே ஒரு பொதுப் பாடத்திட்டத்தையும் தேர்வையும் வகுத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இலங்கை அதன் பாடத்தைக் கைவிட வேண்டியதில்லை. மௌலவி ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்புவதும், பாடநூல் திருத்தங்களை அந்தச் சமூகத்தின் அறிஞர்களை உட்காரவைத்துச் செய்வதும், ஆண்டுக்குச் சில பாடவேளைகளாவது எல்லாச் சமயப் பிள்ளைகளையும் ஒரே அறையில் அமர்த்துவதும் அங்கே அவசரம். தமிழ்நாட்டில் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனம் சமய இலக்கியப் பாடங்களுக்கு ஓர் ஆசிரியர் கையேடு எழுதட்டும். அதைச் சைவம், வைணவம், சமணம், பௌத்தம், கிறிஸ்தவம், இஸ்லாம் ஆறுக்கும் சேர்த்தே எழுதட்டும். ஜமாஅத்துகள் உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு வார இறுதி வகுப்பைத் தொடங்கட்டும். இவற்றில் எதற்கும் 28-ஆவது பிரிவில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.